கண்ணாடிப் பாய்

கம்பத்திலிருந்து குமுளி ஏறியவர்களும், பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு சென்றவர்களும் அந்த மலைத்தொடரை மறந்திருக்க மாட்டார்கள். இடுக்கி, பாலக்காடு முதலிய மாவட்டங்களில் வாழும் ஊராளி, மன்னான், முதுவர், மலையர், காடர் ஆகிய பழங்குடியினரிடம் அரியதொரு பின்னற்கலை உண்டு. அதுவே கண்ணாடிப் பாய். முதுவரும் மன்னான்களும் தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்வர். அவர்கள் பேச்சிலும் தமிழின் சாயல் உண்டு. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அவர்கள் முற்றிலும் அயலார் அல்லர்.

பெயரைக் கேட்டதும் பாயில் கண்ணாடி எங்கே என்று நாம் வியக்கலாம். மலையாளத்தில் 'ஈற்ற' எனப்படும் மெல்லிய மூங்கிலின் மிருதுவான உட்பகுதியை இழை இழையாகச் சீவிப் பின்னுகிறார்கள். தறி கிடையாது, கையும் கத்தியுமே கருவிகள். ஒரு திசையில் ஓடும் இழை ஒளியை ஒருவாறும், குறுக்கே ஓடும் இழை வேறுவாறும் காட்டும். ஆதலால் பின்னலின் கோலம் கண்ணாடிபோல் மின்னுகிறது. கோடையில் குளிர்ச்சியும் குளிரில் கதகதப்பும் தருவது இப்பாயின் சிறப்பென்பர்.

எந்த இழையை எங்கே தாண்டுவது என்ற கணக்கு ஏட்டில் இல்லை. முதியோர் விரல்களில் இருக்கிறது. அவ்விரல்கள் ஓய்ந்தால் கலையும் ஓயும்.

2025-ஆம் ஆண்டில் கண்ணாடிப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னையிலுள்ள பதிவகம் வழங்கும் இவ்வுரிமையால், வேறிடத்தில் செய்த பாயை இப்பெயரிட்டு விற்பது சட்டவிரோதமாகும். 2013-இல் நீலகிரித் தோடர்களின் பூத்தையலும் இதே காப்பைப் பெற்றது. எனினும் சட்டம் பெயரைக் காக்குமேயன்றிப் பாயைப் பின்னாது. அதற்கு மூன்று வேண்டும்: காட்டில் ஈற்ற, உழைப்புக்கேற்ற விலை, கற்க வரும் இளையோர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாகக் கொண்டு, அதைச் சேகரிக்கும் உரிமையை வனவாழ் மக்களுக்கு அளிக்கிறது. மற்ற இரண்டும் சமூகத்தின் பொறுப்பு.

இது கைகூடும் என்பதற்குத் தென் அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் சின்சேரோ என்னும் ஊரின் நெசவுப் பெண் ஒருவர் முன்னின்று, 1996-இல் குஸ்கோ நகரில் மரபு நெசவு நிலையம் ஒன்றை அமைத்தார். செடிகளிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் சாயம் எடுக்கும் முறையை முதியோர் கற்பிக்க, சிறுவர் குழுக்களாக அமர்ந்து நெசவு பயின்றனர். துணிக்கு நியாய விலையும் கிடைத்தது. வருவாய் கண்ட கலையை இளையோர் கைவிடவில்லை.

நேயர்களே! நாம் வாழும் நகரத்துக் கண்காட்சியில் என்றேனும் கண்ணாடிப் பாயைக் கண்டால், அதை விரித்து ஒளியில் பாருங்கள். பின்னியவர் யார், எத்தனை நாள் பிடித்தது என்று கேளுங்கள். அதன் பிறகு பேரம் பேச நமக்கு மனம் வராது. நாம் கொடுக்கும் விலையில்தான் ஒரு பேத்தி பாட்டியின் அருகே அமர்வதும் அமராததும் இருக்கிறது.