பனியைப் பழக்கிய உழவர்கள்

பெருவும் பொலிவியாவும் பங்கிட்டுக்கொள்ளும் டிட்டிகாக்கா ஏரி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. மழை கோடையில் சில மாதங்கள்தான். மற்ற நாட்களில் பகலில் வெயில் சுடும், இரவில் பயிரைக் கருக்கும் உறைபனி இறங்கும். இங்கே விவசாயமா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் திவானாக்கு என்ற பெருநகரமே இந்த மண்ணை நம்பி எழுந்தது.

ஏரிக்கரையின் தாழ்நிலங்களில் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே இரு பக்கமும் கொட்டி மேட்டுப்பாத்திகள் அமைத்தார்கள். பெயர் 'வாரு வாரு'. வாய்க்கால் நீர் பகல் வெயிலை உறிஞ்சி, இரவில் வெப்பத்தை மெல்ல விடும். பனியின் கடுமை குறையும். வறட்சியில் அதே நீர் வேருக்கு ஈரம். அடியில் படியும் வண்டலை அள்ளிப் பாத்தியில் போட்டால் எருவும் ஆயிற்று.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உருளைக்கிழங்கில்தான். பனி கொட்டும் ஜூன், ஜூலை இரவுகளில் கிழங்கை வெட்டவெளியில் பரப்பி உறையவிடுவார்கள். பகலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள். சில நாட்கள் இப்படிச் செய்து வெயிலில் காயவைத்தால் 'சூன்யோ' தயார். நம்மூர் வற்றல் போலத்தான், ஆனால் இது பல ஆண்டுகள் கெடாது. பயிரைக் கொல்லும் பனியே இங்கே களஞ்சியத்தை நிரப்பியது!

காலப்போக்கில் பாத்திகள் கைவிடப்பட்டன. நீண்ட வறட்சியே திவானாக்குவை வீழ்த்தியது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. 1980களில் தொல்லியலாளர் கிளார்க் எரிக்சன், பெருவின் ஹுவாட்டா பகுதி உழவர்களோடு சேர்ந்து சில பாத்திகளை மீட்டுப் பயிரிட்டார். உருளைக்கிழங்கு நன்றாகவே விளைந்தது. சூன்யோவோ வழக்கொழியவே இல்லை. ஆண்டீஸ் சந்தைகளில் இன்றும் விற்கிறது.