பிளவு காட்டிய வழி

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் சில இடங்களில் நின்று பார்த்தால் கொலராடோ ஆறு கண்ணுக்குத் தெரியும், ஆனால் 1,300 மீட்டருக்கும் கீழே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள இந்தப் பள்ளத்தாக்கைக் காண ஆண்டுக்கு நாற்பது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பெரும்பாலோர் வருவது இந்தத் தெற்கு விளிம்புக்குத்தான். ஓட்டல்கள், பள்ளிக்கூடம், நிரந்தரமாகக் குடியிருக்கும் சுமார் 2,500 பேர் என்று அங்கே ஒரு சிற்றூரே இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் ரயிலில் தொட்டி வண்டிகளைப் பூட்டி, 190 கி.மீ. தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். இப்போது குழாயில் வருகிறது, அதுவும் பள்ளத்தாக்கின் எதிர்க்கரையிலிருந்து.

எதிர்க்கரையில் இருக்கும் தண்ணீர் இங்கே ஏன் இல்லை? பாறை அடுக்குகள் தெற்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. வடக்குப் பீடபூமி உயரமானது. பனி அதிகம் பெய்யும். உருகிய நீர் குழிகள் வழியாகச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, சரிவோடு பள்ளத்தாக்கை நோக்கி வருகிறது. கீழே நீரைக் கசியவிடாத களிமண் பாறை தடுப்பதால், செங்குத்துப் பாறை முகத்தைப் பிளந்துகொண்டு வெளியே கொட்டுகிறது. அந்த இரைச்சலால்தான் அந்த ஊற்றுக்கு ‘ரோரிங் ஸ்பிரிங்ஸ்’ என்று பெயர். வடக்கே மேலே நிறமியைக் கரைத்துவிட்டு ஊற்றுகளில் சோதித்துப் பார்த்தபோது, சில வாரங்களுக்குள் அது கீழே வந்து சேர்ந்தது. தெற்குப் பக்கம் பெய்யும் மழையில் பெரும்பகுதியோ, அதே சரிவால், பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே போய்விடுகிறது.

ஊற்று அங்கே, ஊர் இங்கே. நடுவில் உள்ள பள்ளத்தாக்கைக் கடக்க எந்த வழியில் குழாய் போடுவது?

வழியைப் பூமியே போட்டு வைத்திருந்தது. பிரைட் ஏஞ்சல் பிளவு என்ற விரிசல் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. அது பாறைகளை நொறுக்கி வைத்திருக்கும் இடங்களில்தான் செங்குத்துச் சுவர்கள் வழிவிடுகின்றன. வடக்கே பிரைட் ஏஞ்சல் ஓடை அந்தக் கோட்டில் ஓடுகிறது. தெற்கே ஹவாசுபாய் பழங்குடியினர் காலங்காலமாக நடந்த பாதையும் அதே கோட்டில்தான் ஏறுகிறது. பாதிவழியில் அவர்கள் பயிர் செய்த ஊற்றுநிலம் இருக்கிறது. அங்கிருந்து அவர்கள் 1920களில் வெளியேற்றப்பட்டார்கள். ‘இந்தியன் கார்டன்’ என்று அழைக்கப்பட்டு வந்த அந்த இடத்துக்கு 2022இல்தான் ‘ஹவாசுபாய் கார்டன்ஸ்’ என்ற பெயர் கிடைத்தது.

1965இல் தொடங்கிய குழாய்ப் பணியும் இந்த வழியையே பிடித்தது. நீளம் சுமார் 20 கி.மீ.; பொருள், எடை குறைந்த அலுமினியம். ஆற்றைக் கடக்க ஒரு தொங்கு பாலம் கட்டி, அதன் அடியில் குழாயைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் பாலத்தின் நடைதளம் இரும்புக் கம்பி வலை. காலுக்கடியில் ஆறு ஓடுவது தெரிவதால் கோவேறு கழுதைகள் அதில் ஏறுவதில்லை. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு பாலம் உண்டு.

இதில் என்னை வியக்க வைப்பது ஆற்றைக் கடந்த பிறகு நடப்பது. ஊற்றிலிருந்து ஆறுவரை இறங்கிய தண்ணீர், எதிர்ப்பக்கம் ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை பம்ப் இல்லாமல் தானாகவே ஏறுகிறது. ஊற்று அதைவிட உயரத்தில் இருப்பதுதான் காரணம். அங்கிருந்து விளிம்புவரைதான் பம்ப் தேவை. ஆனால் இந்த வசதிக்கு விலை உண்டு. ஊற்றுக்கும் ஆற்றுக்கும் உயர வேறுபாடு 700 மீட்டருக்கு மேல். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கிட்டால், நீர் ஓடாமல் நிற்கும்போது குழாயின் அடிப்பகுதி 70 மடங்குக்கு மேல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

பிளவு வழியைக் கொடுத்தது போலவே வெள்ளத்தையும் அதே வழியில் அனுப்பியது. 1966 டிசம்பரில் பெய்த பெருமழை, வேலை முடியாதிருந்த குழாயை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டு 1970இல் முடித்தார்கள். ஆயுள் முடிந்த பிறகும் அதே குழாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2010க்குப் பிறகு மட்டும் 85க்கும் மேற்பட்ட பெரிய உடைப்புகள். ஒவ்வொரு முறையும் ஆட்களும் கருவிகளும் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில், விடுமுறைக் கூட்டம் வரும் நேரத்தில், தண்ணீர் இல்லாமல் தெற்கு விளிம்பு ஓட்டல்களில் இரவுத் தங்கலையே நிறுத்தினார்கள்.

இந்தக் குழாய்க்கு மாற்று என்ன? தெற்கு விளிம்பில் ஆழ்துளைக் கிணறு தோண்டலாம். ஆனால் அந்த நிலத்தடி நீர்தான் பள்ளத்தாக்கின் தெற்குப் பக்க ஊற்றுகளுக்கும் ஹவாசுபாய் மக்களின் நீலநிற ஓடைக்கும் ஆதாரம். கொலராடோ ஆற்றிலிருந்தே எடுக்கலாம், ஆனால் அதில் வண்டல் அதிகம். பழைய தடத்திலேயே புதுக்குழாய் போட்டால், ஓடை நெருக்கிப் பாயும் ‘பாக்ஸ்’ என்ற இடுக்கில் மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கே இருபுறமும் சுமார் 170 கோடி ஆண்டு பழைய பாறைச் சுவர்கள். பாறை உருண்டால் விழ வேறு இடம் கிடையாது.

தேசியப் பூங்கா சேவை எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. தெற்கு விளிம்புக்கான தண்ணீரை இனி ஊற்றிலேயே பிடிப்பதில்லை. அது ஓடையிலேயே ஓடி வரட்டும். ஆற்றருகே, ஃபேன்டம் ரேஞ்ச் என்ற தங்குமிடத்துக்குப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சுமார் 14 கி.மீ. தூரத்துக்குக் குழாய் செய்த வேலையை ஓடை செய்யும். வெள்ளம் வந்தால் உடைய அங்கே குழாய் இருக்காது. ஆற்றுக்கும் ஹவாசுபாய் கார்டன்ஸுக்கும் இடையே ஏறக்குறைய 5 கி.மீ. மட்டும் புதுக்குழாய்.

இதனால் இழப்பும் உண்டு. ஊற்று உயரத்தால் இலவசமாகக் கிடைத்த உந்துதல் போய்விடுகிறது. தண்ணீர் முழுவதையும் ஆற்று மட்டத்திலிருந்தே மேலே ஏற்றியாக வேண்டும். ஓடைத் தண்ணீர் ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிந்ததல்ல. அதற்காக விளிம்பில் புதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறார்கள். மின்சாரத்துக்கும் சுத்திகரிப்புக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டுச் சமாளிக்கலாம். எப்போது எங்கே உடையும் என்று தெரியாத குழாயை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது. வேலை 2023இல் தொடங்கியது; மதிப்பீடு 20.8 கோடி டாலர்.

செயற்கைக்கோள் படத்தில் கிராண்ட் கேன்யனை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கிளைகிளையாகச் சிதறிய பள்ளங்களுக்கு நடுவே, அளவுகோல் வைத்துப் போட்டது போல ஒரு நேர்க்கோடு ஆற்றின் குறுக்கே போகும். குழாய் போகும் வழி அதுதான்.