முகத்தைப் பிட்டுத் தரும் நாயகன்

உணவுப்பண்டங்கள் உயிர்பெற்றுப் பேசிச் சிரிக்கவைக்கும் அசைவூட்டத் திரைப்படங்கள் பல நாடுகளில் உண்டு. அவற்றுள், ஜப்பானியக் குழந்தைகள் மழலைப் பருவத்திலேயே அறிந்துகொள்ளும் நாயகன் அன்பான்மேன். 'அன்' என்பது இனிப்பூட்டிய பயற்று விழுது. 'பான்' என்பது ரொட்டி. போர்த்துக்கீசியரிடமிருந்து ஜப்பானியர் பெற்ற சொல் இது. ஈழத்தமிழர் வழங்கும் 'பாண்' என்பதற்கும் மூலம் அதுவே. தமிழர் செவிக்கு இப்பெயர் 'அன்பான' என்று ஒலிப்பது தற்செயல்தான். எனினும் பொருந்தாப் பெயர் என்று சொல்வதற்கில்லை.

இந்நாயகனின் தலையே ஓர் இனிப்பு ரொட்டி. பசித்தவரைக் கண்டால் தன் முகத்தில் ஒரு துண்டைப் பிட்டு உண்ணத் தருவான். தந்தபின் அவனது வலிமை குன்றும், பறக்கவும் தடுமாறுவான். முகம் நீரில் நனைந்தாலும் அதே நிலைதான். ஜாம் மாமா என்னும் ரொட்டிக் கலைஞர் புதுமுகம் சுட்டுத் தந்த பிறகே அவன் மீண்டும் எழுவான். எத்தனை அடிபட்டாலும் வாடாத திரை வீரர்களிடமிருந்து இவன் வேறுபடுவது இங்கேதான்: இவனுடைய ஈகை இவனுக்கு இழப்பை உண்டாக்குகிறது.

இவனைப் படைத்த தகாஷி யனாசே (1919 - 2013) இரண்டாம் உலகப் போரின்போது படைவீரராகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டவர். அங்குப் பசியின் கொடுமையை உணர்ந்தார். தம்பியையும் அப்போரில் இழந்தார். நீதிப்போர் என்று முழங்கப்பட்டது, போர் முடிந்ததும் அநீதி எனப்பட்டது. பசித்தவருக்கு உணவளிக்கும் அறமோ எந்நாட்டிலும் எக்காலத்திலும் தலைகீழாவதில்லை என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

1973இல் அன்பான்மேன் குழந்தைகளுக்கான படநூலாக வெளிவந்தபோது, முகத்தைத் தின்னக் கொடுப்பது கொடூரமானது எனப் பெரியவர்கள் சிலர் முகம்சுளித்தனர். குழந்தைகளோ அந்நூலை விரும்பிப் படித்தனர். 1988இல் தொலைக்காட்சித் தொடரும், 1989இல் முதல் முழுநீளத் திரைப்படமும் வந்தன. வெட்டுரொட்டி, கறிரொட்டி எனப் பாத்திரங்கள் பெருகி, 1768 பாத்திரங்களுடன் 2009இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றன.

நாயகனின் எதிரி பைக்கின்மேன், ஒரு கிருமி. உணவுக்குக் கிருமி பகை என்பது சிறுவர்க்கும் எளிதில் விளங்கும். ஆனால், எந்தக் கதையிலும் அவன் அழிக்கப்படுவதில்லை; குத்து வாங்கி வானில் பறந்து மறைவான், அடுத்த கதையில் திரும்பி வருவான். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் நொதியமும் ஒரு நுண்ணுயிரிதானே!