கட்டியவர் பாக்கிக்காரர் ஆன கதை

எங்கள் அடுக்ககத்தின் பராமரிப்புக் கணக்கைச் சில மாதங்களாக நான்தான் பார்க்கிறேன். பைத்தானில் பத்து வரி நிரல். பெயர், கட்டியது, பாக்கி என்று மூன்று நெடுவரிசையில் பட்டியல் வரும். பிரின்ட் எடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். போன மாதம் ஒட்டிய அன்று சாயங்காலமே ஒரு பெரியவர் கதவைத் தட்டினார். "தம்பி, ஒண்ணாந்தேதியே கட்டிட்டேன். பாக்கின்னு போட்டு எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டியிருக்கீங்களே?" கையில் ரசீது.

கணக்கில் தப்பில்லை. ஃபைலில் அவர் 1500 ரூபாய் கட்டியதாகத்தான் இருந்தது. ஆனால் தாளில் அந்த 1500, 'பாக்கி' என்ற தலைப்புக்கு நேர் கீழே நின்றது.

எப்படி என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பெயருக்கு 20 இடம், மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்து இடம் கொடுத்திருந்தேன். 'பெயர்' என்பதில் நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் ப, ஒற்றைக்கொம்பு, ய, ர, புள்ளி என்று 5 கோட்பாயின்ட். பைத்தான் 5 என்று எண்ணி 15 வெற்றிடம் சேர்க்கிறது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் 20க்குப் பதில் 18 கட்டம்தான் ஆகிறது. 'கட்டியது' 5 எழுத்து, 8 கோட்பாயின்ட். அங்கே இன்னும் மூன்று போச்சு. ஆக 31ஆம் கட்டத்தில் தொடங்க வேண்டிய 'பாக்கி' 26ஆம் கட்டத்திலேயே தொடங்கிவிட்டது.

கீழ் வரிக்கு வாருங்கள். அவர் பெயர் வரதன் என்று வைத்துக்கொள்வோம். 4 எழுத்து, 5 கோட்பாயின்ட், இழப்பு ஒன்றே ஒன்று. அடுத்து வரும் 1500 எண். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பைத்தான் சொற்களை இடப்பக்கமும் எண்களை வலப்பக்கமும் ஒதுக்கும். எனவே 1500 உட்கார்ந்த இடம் 26 முதல் 29 வரை. பாக்கிக் கட்டத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். பிறகு யார் பார்த்தாலும் பாக்கி என்றுதானே படிப்பார்கள்!

இந்த இழப்பு ஊருக்கு ஊர் மாறும். நம் ரயில் பாதையிலேயே பார்க்கலாம். முதல் எண் கோட்பாயின்ட், இரண்டாவது எழுத்து:

10 | 7 | மறைமலைநகர்
12 | 7 | செங்கல்பட்டு
08 | 4 | பொத்தேரி
06 | 4 | பரனூர்

பொத்தேரியில் இன்னொரு வம்பு. 'பொ'வின் உயிர்க்குறியை ஒரே கோட்பாயின்டாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் செல்லும். பிரித்து எழுதினால் 9. திரையில் வித்தியாசமே தெரியாது.

சி மொழியின் பிரின்ட்எஃப் இன்னும் மோசம். அது பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் கோட்பாயின்டுக்கு 3 பைட். மறைமலைநகர் 30 பைட் ஆகிவிடுவதால், 20 இடம் கேட்டால் ஒரு வெற்றிடம்கூடச் சேர்க்காது. நீளத்தை வெட்டினாலும் இதே கதைதான். பைத்தானில் 9 கோட்பாயின்டோடு வெட்டினால் புள்ளி போய் 'மறைமலைநகர' என்று நிற்கும்.

சரி, எழுத்தாகவே எண்ணிவிட்டால்? அதற்கு வழி இருக்கிறது. பைத்தானில் ஓப்பன்-தமிழ் நிரலகம் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. 2010இல் தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியாக்கத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண்; அதில் மறைமலைநகர் நேராகவே 7. ஆனால் உலகம் யூனிகோடோடு போய்விட்டது.

எழுத்தை எண்ணினாலும் முழுசாகத் தீராது. 'ணௌ' எவ்வளவு அகலம், 'ர்' எவ்வளவு அகலம்? தமிழ் எழுத்தைச் சம கட்டத்தில் அடைப்பதே கட்டாயத் தாலி. டெர்மினல்கள் இதை ஒரு மாதிரி சமாளிக்கின்றன. மார்க்குஸ் கூன் எழுதிய பிரபலமான அகலக் கணக்கில், யூனிகோட் 'இடம் பிடிக்காதது' என்று வகைப்படுத்திய குறிகளுக்குச் சுழியம், மற்றதுக்கு ஒன்று. புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காதவை. இகரக் குறி இடம் பிடிப்பது. விளைவு, 'நி'க்கு இரண்டு கட்டம், 'நீ'க்கு ஒன்று! குறிலைவிட நெடில் ஒல்லி. தொல்காப்பியர் கோபித்துக்கொள்வார்.

எண்களிலும் ஒரு சின்னத் தொல்லை உண்டு. பைத்தானில் காற்புள்ளி கேட்டால் 1,234,567 என்று வரும், நமக்கு வேண்டியது 12,34,567. ஜாவாஸ்கிரிப்டில் தமிழ்-இந்தியா என்று வட்டாரம் சொன்னால் சரியாக வருகிறது.

ஹெச்டிஎம்எல் அட்டவணையாகப் போட்டால் உலாவியே எழுத்துருவை அளந்து நெடுவரிசையை நேராக்கிவிடும். முடிந்தால் அதையே செய்யுங்கள். வெறும் டெக்ஸ்ட்தான் என்றால் நான் செய்தது இரண்டு மாற்றம். எண்களை முன்னால் போட்டு, தமிழ்ப் பெயரைக் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளினேன். அதற்குப் பிறகு எதுவும் இல்லாததால் வெற்றிடம் சேர்க்கும் வேலையே இல்லை. தலைப்புகளையும் வரிசையின் மேலே வைக்காமல், 'முதல் எண் கட்டியது, அடுத்தது பாக்கி' என்று தனி வரியாக எழுதிவிட்டேன். இரண்டாவது, எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடுவதில்லை. பாக்கி இல்லையென்றால் 0.

புதுத் தாளை ஒட்டும்போது பெரியவரும் பக்கத்தில் நின்றார். தன் வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, மனுஷன் பேரை ஏன் கடைசில போட்டீங்க?" என்றார்.