மறந்தோர்க்கு வழிகாட்டும் மனை

உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று நாம் தொடக்க வகுப்பிலேயே படித்திருக்கிறோம். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு கூரை இருந்தால் அதுவே உறைவிடம் என்றும் எண்ணிவிடுகிறோம். ஆனால், தாம் வாழும் வீட்டிலேயே வழி தெரியாமல் திகைத்து நிற்கும் முதியோர் உண்டு. அவர்களுக்குக் கூரை மட்டும் போதாது. கட்டடமே கைபிடித்து வழிகாட்ட வேண்டும். அத்தகைய கட்டடங்களை எவ்வாறு அமைக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் தன்மை

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், வயதானால் எல்லாருக்கும் வரும் சாதாரண மறதி அன்று. மூளையின் நரம்பணுக்கள் பழுதுற்று அழிவதால் நேர்வது. 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விளக்கிக் கூறிய நோயே இதில் மிகுதியாகக் காணப்படும் வகை. 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அல்சைமர் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

இந்நோயாளர் பலர் முதலில் இழப்பது அண்மைக்கால நினைவையே. காலையில் உண்டது மறந்துபோகும். சிறு வயதில் ஓடி விளையாடிய வீடு மறக்காது. ஆகையால் புதிய இடத்தின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்வது அவர்களுக்கு அரிது. ஒரே நிறத்தில் இருபது கதவுகள் வரிசையாக உள்ள நீண்ட நடைகூடத்தில் அவர்களை விட்டால், தம் அறை எது, கழிப்பறை எது என்று அறியாமல் கலங்குவார்கள். பார்ப்பவர்கள் நோயின் குற்றம் என்பார்கள். கட்டியவரின் குற்றமும் அதில் பாதி இருக்கிறது. நோயை மாற்ற இயலாவிடினும் கட்டடத்தை மாற்ற இயலும் அல்லவா?

கண்ணில் படுவதே கருத்தில் நிற்கும்

இவ்வுண்மையை உணர்ந்து கட்டப்பட்ட தொடக்ககால இல்லங்களுள் ஒன்று, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1974இல் திறக்கப்பட்டது. பவல் லாட்டன் என்னும் உளவியல் அறிஞர் அதன் அமைப்பில் பங்குகொண்டார். அங்கே நீண்ட நடைகூடமே இல்லை. நடுவில் பெரிய பொதுக்கூடம். அதைச் சுற்றிலும் படுக்கை அறைகள். அறையைவிட்டு வெளியே வந்ததும் உணவு உண்ணும் இடமும், பணியாளரும், மற்றவர்களும் கண்ணில் படுவர். எங்கே போக வேண்டும் என்பதை நினைவில் தேட வேண்டுவதில்லை.

ஒஹையோ மாநிலத்தில் 1989இல் தொடங்கப்பட்ட ஓர் இல்லத்தில் எளிய ஆய்வொன்று நடந்தது. கழிப்பறை மறைவாக இருக்கும்போதும், கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்போதும் முதியோர் என்ன செய்கின்றனர் என்று கவனித்தனர். தெரியும்படி இருந்தபோது அதைப் பயன்படுத்துவது பெரிதும் கூடியது. உடை நனைந்து பிறர் முன் கூனிக் குறுகுவது எவ்வளவு பெரிய வேதனை! திரையை விலக்கியதே அவ்வேதனையைக் குறைக்க உதவியது.

நிறமும் ஒளியும் இவ்வாறே துணைசெய்யும். வெளிர்நிறத் தரையில் கிடக்கும் கருநிற மிதியடி, அவர்கள் கண்ணுக்குப் பள்ளமாகத் தோன்றலாம். பளபளக்கும் தரை, தண்ணீர் தேங்கியதுபோல் தோன்றும். எனவே தரை முழுவதும் ஒரே நிறமாகவும் மினுமினுப்பு இன்றியும் இருத்தல் நலம். அதே வேளையில், வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை இருக்கை எடுபடாது. கழிப்பறை இருக்கையும் கைப்பிடியும் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். முதியோரின் கண்களுக்கு இளையோரைவிட மிகுதியான வெளிச்சமும் தேவை. அறைவாயிலில் வெறும் எண்ணுக்குப் பதிலாக அவருடைய பழைய புகைப்படத்தையோ, அவர் விரும்பிய பொருளையோ வைத்தால், "இது என் அறை" என்று கண்டுகொள்ள அது உதவும்.

பூட்டிய கதவு

எல்லாவற்றினும் கடினமான கேள்வி கதவைப் பற்றியது. திறந்து விட்டால் முதியவர் தெருவில் இறங்கி வழிதவறிப் போவார். பூட்டி வைத்தால் கதவைத் தட்டித் தட்டி அழுவார். பாதுகாப்பு பெரிதா, சுதந்திரம் பெரிதா?

நெதர்லாந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய வேஸ்ப் என்னும் ஊரில், 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேய்க் இதற்கு ஒரு விடை கண்டது. அது ஒரு சிற்றூர் போன்ற இல்லம். தொடக்கத்தில் 23 வீடுகளில் ஏறத்தாழ 150 பேர் குடியிருந்தனர். வீட்டிற்கு ஆறேழு பேர். தெரு, தோட்டம், மளிகைக் கடை, உணவகம், நாடக அரங்கு யாவும் உள்ளே உண்டு. பணியாளர் வெள்ளைச் சீருடை அணிவதில்லை. வீடுகள் ஏழு வகை வாழ்க்கை முறைகளுக்கேற்ப அமைந்திருந்தன. இந்தோனேசியாவோடு தொடர்புடையோர்க்கென அந்நாட்டுப் பாணியிலும் வீடு இருந்தது. சமையல் அந்தந்த வீட்டிலேயே நடைபெறும். முதியோர் விரும்பியபோது தெருவில் உலாவலாம். வீடுகளே மதில்போல் சுற்றி நிற்பதால் வழிதவற இடமில்லை. வெளியே செல்லும் வாயிலில் எந்நேரமும் பணியாளர் இருப்பர்.

"இது நாடக மேடை, நோயாளரை ஏமாற்றுவது" என்று குறை கூறுவோரும் உளர். அக்குறையைத் தள்ளிவிட முடியாது. வெளிவாயில் அங்கும் உண்டு. ஆயினும், அந்த வாயில் படுக்கைக்கு எதிரே இல்லை. தெருவுக்கும் தோட்டத்திற்கும் அப்பால் இருக்கிறது. அங்குக் காய்ச்சும் சூப்பும் வீசும் காற்றும் பொய்யல்லவே!

நாம் செய்யக்கூடியவை

அந்நாட்டில் அரசின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இத்தகைய இல்லங்களைத் தாங்குகிறது. இந்தியாவில், 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு மறதி நோய் உள்ளதென 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோரைப் பேணுவது குடும்பமே. ஆகவே நம் வீடுகளே அவர்களுக்கு ஏற்ற மனைகளாக வேண்டும். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். கதவில் ஒரு படம் இருக்கட்டும். காலில் இடறும் மிதியடிகளை அகற்றுவோம். பெரிய எண்களுள்ள கடிகாரத்தையும் தேதி கிழிக்கும் நாட்காட்டியையும் அவர்கள் பார்வையில் படும்படி மாட்டுவோம். கட்டிலையும் நாற்காலியையும் அடிக்கடி இடம் மாற்றாதிருப்போம். கண்ணாடியில் தம் உருவத்தையே அந்நியர் என்று அஞ்சினால், அதை ஒரு துணியால் மூடிவிடுவோம்.

நம்முள் சிலர் நாளை பொறியாளராகலாம், செவிலியராகலாம், இல்லத்தரசியராகலாம். பாட்டி ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும்போது கோபிக்காமல் விடை சொல்வது அன்பு. அவர் கேட்காமலே விடை தெரியும்படி வீட்டை அமைத்து வைப்பதும் அன்பே. அவ்வன்பை இன்று நம் வீட்டிலிருந்தே தொடங்குவோமாக!