தென்னேரிக் கரையிலிருந்து உப்பங்கழி வரை

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதியை ஏரிகளின் மாவட்டம் என்று முன்னோர் அழைத்தனர். பேருந்தில் போகும்போது இந்தப் பெயரின் பொருள் நமக்கு விளங்குவதில்லை. ஒரு கரை தெரியும், உடனே மறைந்துவிடும். நடந்து போனாலோ ஓர் ஏரியைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டியே ஏரியையும் கழியையும் கடலையும் ஒரே தொடராகக் காண ஏற்ற வாகனம். மேடு பள்ளம் அதிகமில்லாத நம் ஊர்ப் பக்கம் அதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. ஆகவே தென்னேரியில் தொடங்கி மரக்காணம் உப்பளம் வரை செல்லும் மிதிவண்டிப் பாதையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். இது ஒரே நாளில் முடிக்கும் பாதையன்று. மூன்று பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு விடுமுறைகளில் சென்று வரத்தக்கது.

முதற்பகுதி: ஏரியும் ஆறும்

தென்னேரி நம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று. ஏரி என்பது வெறும் பள்ளம் அன்று. மழைநீரைக் கொண்டு வரும் வரத்துக் கால்வாய், நீரைத் தாங்கும் கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, மிகுந்த நீர் வழியும் கலங்கல் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஏரி. இவற்றுள் எது பழுதானாலும் ஏரி பயனற்றுப் போகும். கலங்கலில் வழியும் நீர் வீணாவதில்லை. அது அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்குப் போகும், கடைசியில் பாலாற்றை அடையும்.

தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வந்து, செங்கற்பட்டுச் சாலையில் திரும்பினால் பழைய சீவரம் வரும். பாலம் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் ஆதலால் இப்பெயர் பெற்றது. இங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்னும் மருத்துவமனையும் நடந்ததை அது கூறுகிறது. புதிதாக மிதிவண்டி பழகியவர்கள் இந்த முதற்பகுதியோடு நிறுத்திக்கொண்டு திரும்பலாம்.

இரண்டாம் பகுதி: பறவைகளின் ஏரிகள்

திருமுக்கூடலிலிருந்து தெற்கே சாலவாக்கம் வழியாகச் சென்றால் கரிக்கிலியும் வேடந்தாங்கலும் வரும். இச்சாலையில் கல்குவாரி லாரிகள் ஓடுகின்றன. ஆகவே அவை குறைவாக ஓடும் நேரத்தைக் கேட்டறிந்து புறப்படுவது நல்லது.

வேடந்தாங்கலில் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கரண்டிவாயன் முதலிய பறவைகள் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. கார்த்திகை முதல் மாசி வரை இவற்றைக் காண ஏற்ற காலம். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. இதை அறிந்த ஊரார் பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. 1798-இல் ஊராரின் வேண்டுகோளுக்கு இணங்கி, வேட்டையைத் தடுக்கும் உரிமையைக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு அளித்தார் என்பர். உலகின் முக்கியமான சதுப்பு நிலங்களைக் காக்க 1971-இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அந்தப் பட்டியலில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் இடம்பெற்றன.

அடுத்து வருவது மதுராந்தகம். மதுராந்தகன் என்பது உத்தம சோழனின் பெயர். இங்குள்ள பெரிய ஏரி உடையும் நிலைக்கு வந்த ஓர் இரவில் இராமரும் இலக்குவனும் கரையில் நின்று காத்ததை அதே லயனல் பிளேஸ் கண்டார் என்று மக்கள் சொல்லி வருகின்றனர். ஏரி காத்த இராமர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஏரி உடைந்தால் ஊர் அழியும் என்பதை நம் முன்னோர் எவ்வளவு ஆழமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக்கதையே சான்று. மதுராந்தகத்திற்குத் தெற்கே அச்சிறுபாக்கத்தில் மழை மலை மாதா திருத்தலம் உள்ளது. ஏரியை நம்பி வாழும் மக்கள் எந்தச் சமயத்தவராயினும் மழையையே முதலில் வேண்டுகின்றனர். மதுராந்தகத்து நீர் கிளியாறு வழியாகப் பாலாற்றில் சேர்ந்து, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது.

மூன்றாம் பகுதி: கழியும் உப்பளமும்

மதுராந்தகத்திலிருந்து கிழக்கே செய்யூர் வழியாகச் சென்றால் நிலம் மாறுவதைக் காணலாம். நெல்வயல் குறைந்து, பனையும் சவுக்கும் மிகுந்து, காற்றில் உப்பு வாடை வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பரந்து கிடப்பது ஓதியூர்க் காயல். முதலியார்குப்பத்தில் இங்குதான் படகுத்துறை அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே கடப்பாக்கம் அருகில் ஆலம்பரைக் கோட்டையின் சுவர்கள் கழிமுகத்தைப் பார்த்து நிற்கின்றன. 1750-இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த இக்கோட்டையை 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர்.

இன்னும் தெற்கே மரக்காணம். சாலையின் இருபுறமும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். மழை ஓய்ந்த பின் உப்புநீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றச் செய்து, உப்பை வாரிக் குவிக்கின்றனர். அந்த வெயிலில் வெறுங்காலுடன் உழைப்போரைக் கண்ட பிறகு நம் வீட்டு உப்பு ஜாடியைச் சாதாரணமாக நினைக்க முடியாது. ஆந்திராவிலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் மரக்காணத்தின் அருகில்தான். அதை அடுத்துள்ள கழுவேலி ஏரி, சுற்றியுள்ள ஏரிகளின் நன்னீரும் முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் கலக்கும் இடம். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

சதுப்பு நிலம் எதற்கு?

சேறும் கோரையும் நிறைந்த இடத்தைப் பயனற்ற நிலம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு பெரிய பஞ்சு. மழை மிகுந்தால் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்லக் கடலுக்கு விடுகிறது. இறாலும் மீனும் குஞ்சாக வளர்வதும் இங்கேதான். சென்னைக்குத் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் விழுங்கிவிட்டன. நீருக்கு இடமில்லாமற் போனால் அது வீடுகளுக்குள் வரும். 2015 டிசம்பர் வெள்ளம் கற்பித்த பாடம் இதுவே. எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், பூமி நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்று நினைவூட்டினார். இல்லத்தின் அறைகளை ஒருமுறையேனும் பார்க்காதவர் அதை எப்படிக் காப்பார்?

பயணத்திற்குச் சில குறிப்புகள்

காற்றை அறிந்து புறப்பட வேண்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடாவதால் கடற்காற்று கரையை நோக்கி வீசுகிறது. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் விடியற்காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசுகிறது. எனவே காலையில் கிழக்கே சென்று பிற்பகலில் மேற்கே திரும்பினால் இருவேளையும் காற்று முதுகில் இருக்கும். அறிவியல் பாடத்தில் படித்ததன் பயனை மிதிக்கும் காலே சொல்லும். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில் இக்கணக்குத் தவறலாம். மேலும் ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால், முழங்கால் அளவே ஆனாலும் இறங்கக் கூடாது.

ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள் உண்டு. பம்பு, சொல்யூஷன், ரப்பர்த் துண்டு ஆகியவை பையில் இருக்க வேண்டும். தாவணியும் துப்பட்டாவும் செயினில் சிக்காமல் செருகிக்கொள்ள வேண்டும். தலைக்கவசம் அவசியம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் மிக விரைவாகச் செல்வதால், அங்கே காலையில் மட்டும், இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். வீடு திரும்பியதும் வண்டியை நல்ல நீரால் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் இட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்னும் பெண்மணி. தண்ணீர் கொண்டு வரவும், சந்தைக்குப் போகவும், குழந்தையைப் பள்ளியில் விடவும் அப்பெண்கள் பிறரை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லாமற் போயிற்று. தமிழக அரசு 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. இன்று அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அதைப் பெறுகின்றனர்.

ஆயினும் நம் தோழியர் பலரின் வண்டி வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே மட்டும் ஓடுகிறது. தம்பி ஏரிக்கரை வரை போகலாம், அக்கா போகக் கூடாது என்பதே பல வீடுகளில் வழக்கம். பெற்றோரின் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. லாரியும் உண்டு, தனிமையான சாலையும் உண்டு. ஆகவே தனியே அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவோ அப்பாவோ ஆசிரியையோ உடன் வர, பத்துப் பேர் சேர்ந்து திருமுக்கூடல் வரை போய் மதியத்திற்குள் திரும்ப இசைவு தாருங்கள் என்றே கேட்கிறோம். எங்கே மதகு அடைந்திருக்கிறது, எங்கே கால்வாயில் குப்பை கொட்டியிருக்கிறது என்று குறித்து வந்து ஊராட்சிக்குத் தெரிவிப்போம். ஏரியின் கரையைத் தெரிந்த பெண்கள் ஓர் ஊரில் இருந்தால், அந்த ஏரியை யாரும் எளிதில் தூர்த்துவிட முடியாது.