புகையில்லாத நிலையம்

பாரிஸ் நகரில் ஸேன் நதியின் இடது கரையிலே, லூவ்ர் அரண்மனைக்கு எதிரே, 1900-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று திறக்கப்பட்ட ஓர்சே ரயில் நிலையத்தைப் பார்த்த எதுவார் தெதாய் என்னும் ஓவியர், நிலையம் கலாமண்டபம்போல் இருக்கிறது, கலாமண்டபமோ நிலையம்போல் இருக்கிறது, அவகாசம் இருக்கும்போதே இரண்டையும் மாற்றிக்கொள்ளலாமே என்று பரிகாசம் செய்தார். பரிகாசம் பலிக்க 86 ஆண்டுகள் பிடித்தன.

நிலையத்தை நிர்மாணித்த கட்டடக்கலைஞர் விக்தோர் லாலூ, ஐஃபல் கோபுரத்தில் உள்ளதைவிட அதிகமான உலோகத்தை இக்கட்டடத்தில் பிரயோகித்திருந்தும், எதிர்க்கரை அரண்மனைக்கு அகௌரவம் நேராதபடி அதை வெளியே கல்முகப்பினாலும் உள்ளே சுதைப் பூவேலைகளாலும் மறைத்தார். 32 மீட்டர் உயர்ந்த அந்த விதானத்தில் அத்தனை அலங்காரம் செய்யத் துணிவு வந்த காரணம் ஒன்று உண்டு. கரிபடியும் என்ற கவலை அவருக்கு இல்லை. நீராவி எஞ்சின்கள் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலேயே நின்றுவிட, அங்கிருந்து வண்டிகளை மின்சார எஞ்சின்களே இழுத்துவந்தன.

அழகைத் தந்த மின்சாரமே பின்னர் அதன் பிழைப்பையும் கெடுத்தது. மின்மயமான பாதைகளில் வண்டிகள் நீண்டன, நடைமேடைகள் போதவில்லை. 1939-க்குப் பிறகு புறநகர் வண்டிகள் மட்டுமே வந்தன. யுத்தம் முடிந்ததும், சிறையிலிருந்து மீண்ட போர்க்கைதிகளை வரவேற்கும் ஸ்தலமாயிற்று; 1962-இல் வெளியான 'விசாரணை' படத்துக்காக ஆர்சன் வெல்ஸ் அதன் பாழடைந்த பிரம்மாண்டத்தைத் தேடிவந்தார். இடித்துவிட்டு ஹோட்டல் கட்டவும் யோசனை நடந்தது. ஆனால் லே ஆல் சந்தையின் பழைய இரும்புக் கூடங்களை இடித்த சோகம் பாரிஸ் ஜனங்களின் மனத்தில் ஆறாதிருந்ததால் கட்டடம் தப்பியது.

1986 டிசம்பரில், 1848 முதல் 1914 வரையிலான கலைக்குரிய அருங்காட்சியகமாக அது மறுபடி திறந்தது. உள்ளமைப்பைச் செய்த இத்தாலியப் பெண்மணி கயே அவுலென்தியின் கனத்த கல்மேடைகள் சமாதிகளை நினைவூட்டுவதாகக் குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கும் அவை சற்றே பாரமாகத்தான் தோன்றுகின்றன. விதானத்தின் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலும் பொன்முலாம் பூசிய பழைய பெரிய கடிகாரமும் அந்தப் பாரத்தை மறக்கடித்துவிடுகின்றன.

அடியிலே புறநகர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. மேலே, ஸான்லஸார் நிலையத்தை மோனே 1877-இல் தீட்டிய ஓவியம் தொங்குகிறது. நீராவி எஞ்சினின் புகையை ஒருநாளும் அறியாத விதானத்தின்கீழ், அந்தச் சித்திரத்தில் மட்டும் நீலமும் சாம்பலுமாகப் புகை சுருள்கிறது.